தசம் கிரந்தத்தின் ஆசிரியர்: சான்றும் அளவுகோலும்

சீக்கியரின் பத்தாவது குருவாகிய குரு கோபிந்த் சிங் (1666–1708) பெயரால் வழங்கும் தொகைநூல் தசம் கிரந்தம். அச்சில் 1428 பக்கங்கள் கொண்ட இந்நூல் குருமுகி எழுத்தில் அமைந்தது. எனினும், இதன் பெரும்பகுதி பிரஜ் மொழியிலானது. சண்டி தீ வார் பஞ்சாபியிலும், ஔரங்கசீப்புக்கு விடுத்த மடலான சபர்நாமா பாரசீகத்திலும் உள்ளன. இவையனைத்தும் குருவே பாடியனவா, அவைப்புலவர் பாடல்களும் உடன்சேர்ந்தனவா என்னும் வினா அறிஞரிடையே நெடுங்காலமாக நிலவுகிறது. இருசாராரும் கொண்ட அளவுகோல்களை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமிர்தசரசில் அமைந்த குழுவொன்று 32 சுவடிகளை ஒப்பிட்டு 1897இல் அறிக்கை தந்தது. இன்று வழங்கும் அச்சுப்பாடம் அதன்வழி உருவானதாகும். தரம்பால் அஷ்டா 1959இல் வெளியிட்ட ஆய்வில் நூல் முழுவதையும் குருவின் படைப்பாகவே கொண்டார். ரத்தன் சிங் ஜக்கி 1966இல் இதனை மறுத்தார். அவதாரக் கதைகளிலும் சரித்ரோபாக்கியானிலும் வரும் ராம், சியாம் என்னும் முத்திரைப் பெயர்கள் அவைப்புலவரைச் சுட்டுவன என்பது அவர் கருத்து. பாயி மணி சிங் எழுதியதாகக் கூறப்படும் மடலின் நம்பகத்தன்மையையும் அவர் ஐயுற்றார். ராம், சியாம் என்பன குருவின் பெயருக்குரிய மாற்றுச் சொற்களே என்பது எதிர்த்தரப்பின் விடை.

இவ்விடை முழு நிறைவு தருவதாக இல்லை. மாற்றுப் பெயர்களாயின், அவை ஜாப் சாகிப் போன்ற பகுதிகளில் இடம்பெறாது சில பகுதிகளில் மட்டும் பயில்வதற்குக் காரணம் காட்டவேண்டும். அதேவேளை, மறுப்போர் பலர் கூறும் ‘காமச் சுவை மிக்க கதைகளைக் குரு பாடியிரார்’ என்னும் வாதமும் சான்றாகாது. அது நூலை ஆராய்ந்து பெற்ற முடிபன்று. குருவைப் பற்றி முன்னரே கொண்ட கருத்தை நூலின்மேல் ஏற்றுவதாகும். கிருஷ்ணாவதாரம் 1688இல் பாவுண்டாவில் நிறைவுற்றதாக நூலே கூறுகிறது. இக்குறிப்பு படைப்பைக் குருவின் அவையோடு இணைக்கிறது. பாடியவர் யார் என்பதை அது மட்டுமே உறுதிசெய்யாது.

இது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. சீக்கியர் நாள்தோறும் ஓதுவதும் அமிர்தச் சடங்கில் இடம்பெறுவதுமான பேந்தி சௌபாய், ஐயத்துக்குள்ளான சரித்ரோபாக்கியானின் இறுதியிலேயே அமைந்துள்ளது. எனவே அப்பகுதியை முழுவதும் விலக்குவோர் தம் வழிபாட்டின் ஓர் உறுப்புக்கும் விடை கூறவேண்டியவராகின்றனர். முழுவதும் ஏற்போர் முத்திரைப் பெயர்களுக்கு விடை கூறவேண்டும். தசம் கிரந்தம் சீக்கிய வரலாற்றின், இலக்கியத்தின் அங்கம். ஆயின் குரு கிரந்த சாகிபுக்கு நிகரான நிலை உடையதன்று என 2008இல் அகால் தக்த் தலைமையில் கூடிய சமயத் தலைவர்கள் அறிவித்தனர். இது நூலின் தகுதி பற்றிய முடிவேயன்றி ஆசிரியர் பற்றிய தீர்ப்பன்று.

ராபின் ரைன்ஹார்ட் 2011இல் இந்நூலை அரசவை இலக்கியப் பின்னணியில் வைத்து நோக்கியது பயனுள்ள திசையாகும். புரவலரின் பெயரால் புலவர் பாடுவது இயல்பாயிருந்த அவையில், ‘ஆசிரியர்’ என்பதற்கு இன்றைய பொருளை அப்படியே ஏற்றுதல் பொருந்தாது. முழுநூலுக்கும் ஒரே விடை தேடாது, சுவடி, மொழி, முத்திரைப் பெயர் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே ஆராய்வதே முறையாகும். ஒரு பாடலை ஓதுவோர்க்கு அதன்பாலுள்ள பற்றும், அதைப் பாடியவர் யார் என்னும் ஆய்வும் வெவ்வேறு தளத்தன. ஒன்றை மற்றொன்றுக்குச் சான்றாக்காதிருப்பதே இருவகையோர்க்கும் நன்று என்பது இக்கட்டுரையின் துணிபு.