தோட்டத்து வாத்தியாரின் பிள்ளை

'மலையகம் 200' நிகழ்வுகள் நடந்த 2023ஆம் ஆண்டில் மேடைக்கு மேடை ஒரே பேச்சைக் கேட்டேன். மலையகப் புனைகதை தொழிற்சங்கத்தின் மடியில் பிறந்தது, கோபத்தைக் குடித்து வளர்ந்தது என்றார்கள். கேட்க எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நம்முடைய நல்ல கதைகளை ஊன்றிப் படித்தவர்கள் இதற்குத் தலையாட்ட முடியாது. லயத்துக் காம்பராவில் குப்பி லாம்பை ஏற்றிவைத்து, பிள்ளையை எழுத்துக்கூட்டிப் படிக்கவைத்த தகப்பனையும் தாயையும் அந்தப் பேச்சு அடியோடு மறந்துவிடுகிறது.

ஆரம்ப காலத்தில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மாளும் பத்திரிகையையும் பாட்டையும் தொழிலாளரிடம் கொண்டுபோனார்கள். மகத்தான பணி, ஆனால் பிரசாரப் பணி. அடுத்து சி.வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் போனவர். மேடைப் பேச்சாளர்களுக்கு முதல் சாட்சி அவர்தான். அவருடைய 'வீடற்றவன்' சங்கம் அமைக்கப் போனவனின் கதை என்பது உண்மை. ஆனாலும் தலைப்பில் நிற்பது வீடு. 1983இல் அவர் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று தொகுத்தாரே, அந்தப் பாட்டுகளைக் காத்து வைத்திருந்தவர்கள் யார்? எழுத்தறியாத தாய்மார்கள். சங்கத்து அலுவலகத்தில் அவை கிடைத்திருக்காது.

1964இல் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' வந்தது. அறுபதுகளில் வீரகேசரி நடத்திய சிறுகதைப் போட்டிகள் புதியவர்களை வெளியே கொண்டுவந்தன. பரிசுக் கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என நூலாயின. என்.எஸ்.எம். இராமையா கொழுந்து நிறுக்கும் இடத்தையே ஒரு பெண்ணின் மானத்தை நிறுக்கும் இடமாக்கினார். எனக்கு மிக உவப்பான காலம் இது. இதன் நடுநாயகம் தெளிவத்தை ஜோசப்.

1934இல் பதுளைக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர் ஜோசப். தகப்பனார் தோட்டத்துப் பள்ளி வாத்தியார். அந்தக் காலத்துத் தோட்டப் பள்ளி எப்படி இருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு நீள மண்டபம், தகரக் கூரை. அஞ்சு வகுப்புக்கும் ஒரே வாத்தியார். மழை பிடித்துவிட்டால் தகரத்துச் சத்தத்தில் அவர் குரல் முன்வரிசைக்கே கேட்காது; அன்றைக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டித்தான் பாடம். பெயர் பதியும் வயசு வந்ததும் பிள்ளை மலைக்குப் போய்விடும். அப்படிப்பட்ட இடத்தில் தன் மகனை மலைக்கோ ஸ்டோருக்கோ விடாமல், கடல் கடந்து கும்பகோணத்துக்குப் படிக்க அனுப்பிய குடும்பம் அது. திரும்பி வந்தவர் பதுளை புனித பீட் கல்லூரியில் தொடர்ந்தார். பிறகு தான் வேலைபார்த்த தோட்டத்தின் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார்.

வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு லயம் பக்கத்திலும் இருக்கும், கொஞ்சம் தள்ளியும் இருக்கும். அந்தத் தூரம்தான் ஜோசப்பின் கண். 'மீன்கள்' கதையை எடுத்துப் பாருங்கள். ஒரே காம்பரா, புருஷன், பெண்சாதி, வளர்ந்த பிள்ளைகள். இருட்டில் ஒரு தகப்பனுக்கு நேரும் பிசகை, அவன் கூனிக் குறுகுவதை, ஒரு சொல் மிகாமல் எழுதியிருக்கிறார். தொரையைத் திட்டி ஒரு வரி இல்லை. ஆனால் அந்த லயத்தைக் கட்டியவர்கள் மீது அதைவிடக் கனமான குற்றச்சாட்டை எந்த மேடையும் வைத்ததில்லை. 1974இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த 'காலங்கள் சாவதில்லை', 1979இன் 'நாமிருக்கும் நாடே' தொகுதி, கொழும்பில் சந்தேகத்தின் பேரில் கைதாகும் ஒரு தமிழனைப் பற்றிய 'குடைநிழல்' வரை இந்தப் பார்வை மாறவில்லை. கோபம் இருக்கிறது, வீட்டுக்குள்ளிருந்து வருகிற கோபம் அது.

அந்த வீடுகள் பிறகு என்னவாயின? 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. தாய்தகப்பன் ஒரு கரை, பிள்ளைகள் ஒரு கரை என்று குடும்பங்கள் பிரிந்தன. எழுதத் தொடங்கிய எத்தனையோ பையன்களுக்கு, முதல் கதையை வாசித்துக் காட்ட ஆளில்லாமல் போனது. தலைமன்னார்க் கப்பலை எழுதியவர்கள் உண்டு. கப்பலேறிப் போன தகப்பனை எழுதியவர்கள் மிகக் குறைவு. இதை நம் இலக்கியத்தின் பெருங்குறை என்றே சொல்வேன்.

தமிழ்நாட்டில் பெருமாள்முருகன் தாயை இழந்த பிறகு, அவரைப் பற்றியே 'தோன்றாத்துணை' என்ற முழு நூலை எழுதினார். ஆடு மாடு, காடு, சமையல் என்று ஒரு விவசாயத் தாயின் அன்றாடம்தான் அதில் இருப்பது. ஒரு நாவலாசிரியர் எங்கிருந்து வந்தார் என்பதை அதைவிடத் தெளிவாக எந்த ஆய்வேடும் சொல்லாது. மலையகத்திலிருந்து அப்படியொரு நூல் என் கைக்கு இதுவரை வரவில்லை.

ஜோசப்பே நமக்கெல்லாம் ஒரு தகப்பன் ஸ்தானத்தில் இருந்தவர். பிறர் எழுதி மறந்த கதைகளைப் பழைய பத்திரிகைகளில் தேடியெடுத்துத் தொகுத்தார். 2000இல் 'மலையகச் சிறுகதை வரலாறு' எழுதினார். 2022 ஒக்டோபர் 21இல் அவர் மறைந்தார். மலையகம் 200இன் நடைபயணத்தைப் பார்க்க அவர் இல்லை.

அட்டனிலும் நுவரெலியாவிலும் இன்று எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களைப் படிக்க வைத்தவர் வாத்தியாரோ, கணக்கப்பிள்ளையோ, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவோ, இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். போய்விட்டவர் என்றால் நினைவிலிருப்பதை இன்றைக்கே எழுதுங்கள்.