பெரும்பாணாற்றுப்படையிற் கமுகு

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியில் வீற்றிருந்த தொண்டைமான் இளந்திரையன்பாற் பாணனை ஆற்றுப்படுத்தும் 500 அடிப் பாட்டாகும். இதன்கண் கமுகு இருமுறை உவமையாக வருகின்றது. எனினும், பாக்கினை வெற்றிலையொடு தின்னும் வழக்கம் யாண்டும் கூறப்படவில்லை. மன்னன் அளிக்கும் கொடையுள் ஊனுஞ் சோறும் உள, கலிங்கமும் பொற்றாமரையும் உள, தாம்பூலம் இல்லை. இதனைக் கொண்டு, அக்காலத்துத் தொண்டைநாட்டில் அவ்வழக்கம் இல்லையென முடிவு கட்டலாமோ? கட்டலாகாது என்பதே எம் துணிபு.

மதுரைக்காஞ்சி, பாக்கும் வெற்றிலையும் சங்கு சுட்ட சுண்ணாம்பும் விற்போரை அங்காடியில் வைத்துக் காட்டுகின்றது. சிலப்பதிகாரத்திற் கண்ணகி, கோவலன் இறுதியாக உண்ட உணவின்பின் வெற்றிலைச் சுருளும் பாக்கும் அளிக்கின்றாள். இவை மதுரையைச் சார்ந்த செய்திகள். காஞ்சிக்குச் சான்றாகா எனச் சிலர் தடை நிகழ்த்தலாம். ஆதலின் விடையைப் பெரும்பாணாற்றுப்படையினுள்ளேயே தேடுதல் முறையாம்.

முதலுவமை பாட்டின் தொடக்கத்தில், யாழை வருணிக்குமிடத்து அமைந்துள்ளது. யாழின் இருபுறமும் கூடிச் செறிந்த துளைக்கு, வெடியாத பாளையினுட் கருவாயிருக்கும் கமுகம்பூ உவமையாகின்றது. இரண்டாவது, திருவெஃகாவைக் கடந்து காஞ்சியை அணுகுமிடத்து, வெயில் நுழையாச் சோலைக்கண் வருகின்றது. அங்கு மகிழ்ந்திருப்போர் உண்டு தீர்க்கும் நீலநிறப் பசுங்குடத்திற்குக் கமுகின் சூல்வயிறு உவமை. கமுகின் ஓலை உதிர்வதன்முன், அதன் மடலடி உள்ளிருக்கும் பாளையாற் புடைத்துத் தோன்றும். அம்மரத்தை அருகிருந்து கண்டார்க்கே இவ்வுவமையின் நயம் புலனாகும்.

உவமம் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின் அடியாகப் பிறக்கும் என்பர் தொல்காப்பியர். முதலுவமை மெய்பற்றியது. இரண்டாவது மெய்யும் உருவும் ஒருங்கு பற்றியது. கமுகின் கழுத்து நீலமணி போல்வது என நக்கீரர் நெடுநல்வாடையிற் கூறுதலின், குடத்தின் நீலநிறமும் ஒப்புமைக்கு உரியதாதல் தெளிவு. பாக்கோ, மரத்தின் பயன். பயன்பற்றிய உவமை இரண்டனுள் ஒன்றேனும் இல்லை. கருவும் சூலுமாகப் பாளையையே கண்ட புலவர்க்கு, முற்றிய காயைக் கூற இடம் நேர்ந்திலது. நெடுநல்வாடையிலோ, கூதிர்காலத்துக் குலை பருத்துக் காய் முற்றுதல் கூறப்படுகின்றது. அங்குப் பொருள் பருவம். ஆகவே காய் வந்தது. ஆண்டும் அதனைத் தின்பார் இலர் என்பது நோக்கத்தக்கது.

எனவே, பெரும்பாணாற்றுப்படையின் வாய்வாளாமை உவமை அமைதியால் நேர்ந்தது; நாட்டு வழக்கத்தின் இன்மையைக் காட்டுவதன்று. அதுபோலவே, வழக்கம் இருந்ததென நிறுவுதற்கும் இவ்விரு உவமைகள் போதா. இன்று காஞ்சிப் பட்டுக் கூறையை வெற்றிலை பாக்கொடு தட்டில் வைத்து அளித்தல் நாம் காணும் மரபு. அதனைப் பழம்பாட்டினுள் ஏற்றிப் படித்தலும் பிழை. பாட்டுக் கூறாமையால் பழையோர்பால் அது இல்லையென மறுத்தலும் பிழை. இலக்கியத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளப் புகுவார், புலவர் ஒரு பொருளை எக்கூற்றாற் கண்டார் என்பதனை முதற்கண் வரையறுத்துக்கொள்ளல் வேண்டும்.