விலை சொல்லும் நூலும் விலை போகும் நாணயமும்

திறனாய்வாளர் காவியத்தையும் நாவலையும் ஆய்வதே வழக்கம். விலைக் கையேட்டை எவரும் பொருட்படுத்துவதில்லை. எண்ணிப் பார்த்தால், நாவல் பொய்த்தால் வாசகன் இழப்பது ஓர் இரவுப் பொழுது. விலைக் கையேடு பொய்த்தால் அவன் இழப்பது கைப்பொருள். ஆகவே, அதனையும் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது தகும்.

நாணயச் சேகரிப்பாளர் 'சிவப்புப் புத்தகம்' என்று அழைப்பது, ஆர். எஸ். இயோமன் தொகுத்த அமெரிக்க நாணயக் கையேட்டினை. விட்மன் பதிப்பகம் 1946ஆம் ஆண்டில் வெளியிட்ட முதற்பதிப்பின் அட்டையில் 1947 என்றிருந்தது. அட்டையில் வரும் ஆண்டு. உள்ளே கழிந்த மாதங்களின் விலை. இவ்வகை நூலின் முதற்குறை இங்கேயே தொடங்குகிறது. 1979ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவுன்சு ஏறத்தாழ 6 டாலராக இருந்த வெள்ளி, 1980 சனவரியில் 50 டாலரை நெருங்கியது. மார்ச்சு 27ஆம் நாள் 11 டாலருக்கும் கீழே வீழ்ந்தது. அவ்வேளையில் அச்சேறிய எந்தப் பட்டியல் சாதாரண வெள்ளி நாணயங்களுக்கு உண்மை உரைத்திருக்க இயலும்?

இரண்டாவது, அவ்விலை யாருடைய விலை என்னும் வினா. சிவப்புப் புத்தகம் கூறுவது, சேகரிப்பாளர் கடையில் கொடுக்க வேண்டிய விலை. அதே இயோமன் 1942இலேயே தொகுத்த 'நீலப் புத்தகம்' கூறுவதோ, வணிகர் நம்மிடம் வாங்குகையில் கொடுக்கும் விலை. ஆசிரியர் ஒருவர், நாணயம் ஒன்று, விலை இரண்டு. இது முரண்பாடு அன்று, சந்தையின் இயல்பு. எனினும், தந்தை விட்டுச் சென்ற நாணயங்களை விற்க வரும் பிள்ளைகளின் கையில் பெரும்பாலும் இருப்பது முதல் நூலே. நூலில் கண்ட தொகையை நம்பிக் கடன் அடைக்கவும் கல்யாணம் முடிக்கவும் திட்டமிட்டவர், கடைப்படியில் ஏமாந்து நிற்கின்றனர். வணிகர் வஞ்சித்தார் என்று அவர் எண்ணுகிறார். உண்மையில் அவர் தவறான பக்கத்தைப் படித்துவிட்டார்.

மூன்றாவது குறை தரத்தைப் பற்றியது. 1949இல் வில்லியம் செல்டன் பழைய அமெரிக்கச் செப்புக் காசுகளுக்கு 1 முதல் 70 வரை தர எண் வகுத்தார். 70 பெற்றது, 1 பெற்றதைப்போல் 70 மடங்கு விலை பெறும் என்பதே அவர் கணக்கு. அக்கணக்கு நிலைக்கவில்லை; எண்கள் மட்டுமே நிலைத்தன. இன்று 64க்கும் 65க்கும் இடைப்பட்ட ஒரே படி, சில நாணயங்களின் விலையைப் பன்மடங்காக்குகிறது. அந்த ஒரு படியைக் காண்பது கண்ணும் பயிற்சியும், நூலன்று.

நம் வீடுகளுக்கே வருவோம். ஏழாம் எட்வர்டு மன்னரின் உருவம் தாங்கி 1903இல் வெளிவந்த நீரிணைக் குடியேற்றங்களின் வெள்ளி நாணயம், 1907இல் அளவிலும் எடையிலும் சிறுத்தது. இதனை நமக்குத் தெளிவுறக் காட்டுவது நாணயப் பட்டியலே. இங்கு அது நல்லாசான். ஆனால் பாட்டி அந்நாணயத்தைத் திருநீறிட்டுப் பளபளவெனத் துலக்கி வைத்திருந்தால், பட்டியல் விலை அதற்குப் பொருந்தாது. துலக்காத, பழுதில்லா நாணயத்திற்கே அவ்விலை. அன்போடு செய்த செயலே மதிப்பைக் குறைத்துவிட்டது என்பதை அந்த மூதாட்டிக்கு யார் எடுத்துரைப்பார்?

எனின், இந்நூல்களை ஒதுக்கிவிடலாமோ? ஆகாது. எவ்வாண்டில், எந்தச் சாலையில், எத்தனை அச்சிடப்பட்டன என்பதற்கு இவை நம்பத்தக்க துணை. 1909இல் சான் பிரான்சிஸ்கோவில் வி.டி.பி. என்னும் எழுத்துகளோடு அச்சான லிங்கன் செண்டு 4,84,000 என்பது ஆண்டுதோறும் மாறுவதன்று, விலையே மாறுவது. மாறாதவற்றிற்கு நூலை நாடுக. மாறுவதற்கு அண்மையில் முடிந்த ஏலங்களையும், ஒருவருக்கு மூவராய் வணிகரையும் கேட்டறிக.

விலைக் கையேடு ஒரு சாட்சி, நீதிபதி அன்று. சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்பு எழுதுவோர், பின்னர் நூலைப் பழித்துப் பயனில்லை.