1300 மணி நேரம்: ஃப்ரீலான்ஸர்கள் படிக்காமல் விட்ட பாதி

வாடிக்கையாளர் போன் பண்ணி 15 நிமிஷம் பேசினால் பில் போடலாமா? ஃப்ரீலான்ஸ் வேலை பார்ப்பவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. "ஒவ்வொரு நிமிஷத்தையும் எழுது, அமெரிக்க வக்கீல்களைப் பார்" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். சரி, பார்ப்போம்.

மணியைப் பத்தாகப் பிரித்து, ஆறு ஆறு நிமிடமாகக் குறிக்கும் பழக்கத்தைப் பரப்பியவர் பாஸ்டன் வழக்கறிஞர் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித். தன் முறையை 1940-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்க இதழில் விளக்கமாக எழுதினார். அதே சங்கம் 1958-இல் ஒரு சிறு வெளியீடு போட்டது. தலைப்பே புலம்பல்தான்: '1958 வழக்கறிஞரும் அவரது 1938 டாலரும்'. டாக்டர்களும் பல் டாக்டர்களும் நம்மைத் தாண்டிப் போய்விட்டார்கள், இனி நேரத்தைக் குறித்து வையுங்கள் என்பது சாரம்.

எல்லாரும் தாண்டிப் போகும் எண் ஒன்று அதில் உண்டு. வருஷத்துக்குக் கட்டணம் வாங்கக்கூடிய நேரம் சுமார் 1300 மணி மட்டுமே. இன்றைய வாரம் 40 மணி என்று வைத்தால் வருஷத்துக்கு 2080. அதில் 1300 என்பது 62.5 சதவீதம். 5 மணிக்குக் காசு வந்தால் 3 மணிக்கு வராது. எஸ்டிமேட், மெயில், "சும்மா ஒரு டவுட்டு" எல்லாம் அந்த மூன்றில் சேர்த்தி. சம்பளக் கனவை 1300-ஆல் வகுத்து ரேட் வைத்தவர், அந்த டவுட்டுக்கும் பில்லில் தனி லைன் போட்டால் ஒரே செலவை இரண்டு தடவை வசூலிக்கிறார். 2080-ஆல் வகுத்தவர் போடாவிட்டால் நஷ்டம் அவருக்கு. ஆக, எந்த அழைப்புக்கு பில் என்பது ரேட் வைத்த அன்றே பாதி முடிவாகிவிடுகிறது.

அந்த வெளியீட்டோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. எல்லா ஆறு நிமிடமும் அதற்கு ஒன்றுதான். "இந்த மாட்யூலே வேண்டாம் சார், எக்செல் போதும்" என்று சொல்லி வாடிக்கையாளருக்கு லட்ச ரூபாய் மிச்சம் பண்ணும் அழைப்பும், என் கோடில் இருந்த பக் பற்றிய அழைப்பும் ஒரே விலையா? அழைப்பு யாரால் வந்தது என்பதை அந்தத் தாள் கேட்பதே இல்லை.

நான் அதைத்தான் கேட்கிறேன். வேலை உறுதியாகும் முன் பேசுவது ரேட்டுக்குள். உறுதியான பின் "இதை மட்டும் கொஞ்சம் மாத்திடலாமா" என்று வந்தால், மூணு நிமிஷமானாலும் பில். பக் என்றால் என் கணக்கு. ராத்திரி 11 மணிக்கு வரும் வாட்ஸ்ஆப் வாய்ஸ் மெசேஜ் இதில் எந்த வகை என்பது, முழுசாகக் கேட்டு முடித்த பிறகுதான் தெரியும்.