ஒப்புக்கொடுத்தலின் உரைகல்

"ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று நம் சபைகளில் சொல்லாத நாள் இல்லை. வியாதிப் படுக்கையருகே சொன்னால் அது விசுவாசம். கோயில் கணக்கைக் கேட்டவரிடம் சொன்னால் அது மழுப்பல். எது ஒப்புக்கொடுத்தல், எது தட்டிக்கழித்தல் என்று பார்க்க ஓர் உரைகல் வேண்டும். திருச்சபையின் ஒவ்வொரு மரபும் தனக்கென்று ஒன்றை வைத்திருக்கிறது.

தமிழ் வைணவம் இதே கேள்வியை இரண்டு குட்டிகளை வைத்துப் பேசியது. தாயைத் தானே இறுகப் பற்றும் குரங்குக்குட்டி வடகலையாருக்கு. தாய் கவ்விச் செல்லத் தன்னை விட்டுவிடும் பூனைக்குட்டி தென்கலையாருக்கு. வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்று, 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளைக்கு இந்தப் பேச்சு புதிதாக இருந்திருக்காது. கிறிஸ்தவத்திலும் இரண்டு குட்டிகளும் உண்டு.

இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் உரைகல் தராசு. 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்', சுகமா நோயா, செல்வமா வறுமையா என்பதில் மனம் முள்போல நடுவில் நிற்கட்டும் என்கிறது. கடவுளின் சித்தம் எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் எழுந்து அந்தப் பக்கம் நடக்க வேண்டும். முள் நடுவில் நிற்பதே அதற்காகத்தான்.

பிரெஞ்சுத் துறவி குழந்தை தெரசாள் பூனைக்குட்டியின் கட்சி. செல்வர் வீடுகளுக்கு அப்போது வரத் தொடங்கியிருந்த லிஃப்டைச் சொல்லி, புனிதத்தின் படிகளை ஏற முடியாத சிறியவளுக்கு இயேசுவின் கரங்களே லிஃப்ட் என்று எழுதினார். 1897இல் இறந்தபோது வயது 24.

பூனைக்குட்டிக்கும் எல்லை உண்டு. ஸ்பானியக் குருவான மொலினோஸ் ரோமில் 1675இல் வெளியிட்ட நூல், எல்லா முயற்சியையும் விட்டு அசைவற்றிருப்பதையே உச்சமாக்கியது. சோதனையைக்கூட எதிர்க்க வேண்டாம் என்ற இடத்துக்கு அந்தப் போதனை போனதாகக் கண்ட ரோமாபுரி, 1687இல் அவருடைய 68 கூற்றுகளைக் கண்டித்தது. கெத்செமனேயில் இயேசுவே பாத்திரம் நீங்கும்படி முதலில் கேட்டார். அதற்குப் பிறகுதான் ஒப்புக்கொடுத்தார்.

சீர்திருத்தச் சபைகளில், மெதடிஸ்ட் இயக்கத்தின் வெஸ்லி 1755இல் லண்டனில் நடத்திய உடன்படிக்கை ஆராதனை ஒப்புக்கொடுத்தலைச் சபை முழுவதும் கூடி எடுக்கும் பொருத்தனையாக்கியது. அதை அன்றாடச் செலவுக்கும் சோற்றுக்கும் கொண்டுவந்தவர் பிரிஸ்டலின் ஜார்ஜ் முல்லர். 1836இல் தொடங்கிய அவருடைய அநாதை இல்லம், 1870க்குள் ஐந்து பெரிய கட்டடங்களாகி இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு இடம் தந்தது. யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்பது விதி. வந்த காசு ஒவ்வொன்றுக்கும் கணக்கு எழுதி அச்சிடுவதும் விதிதான்.

1841 டிசம்பரில் கையிருப்பு வற்றிவிட்டது. ஆண்டுக் கூட்டத்துக்கு நாள் நெருங்கியது. அறிக்கையை வாசித்தால் கேட்பவர்கள் இரங்கிக் கொடுப்பார்கள். அதில் தவறென்ன என்று நாம் நினைப்போம். அது சுற்றி வளைத்துக் கையேந்துவதாகும் என்று முல்லருக்குப் பட்டது. கூட்டத்தையே தள்ளிவைத்தார். வாய் திறந்து கேட்காமலிருப்பது போதாது, குறிப்பால் உணர்த்தும் சாமர்த்தியத்தையும் விட்டாக வேண்டும் என்பது அவர் உரைகல்.

அதே வழியை நெல்லைச் சீமைக்குக் கொண்டுவந்தவர் மிஷனரி ஏமி கார்மைக்கேல். 1901 முதல் டோனாவூரில் குழந்தைகளுக்கு அடைக்கலம் தந்த அவரும் பணத்துக்கு விண்ணப்பம் போடவில்லை. 1931இல் விழுந்து அடிபட்டபின், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். நடை போயிற்று; பேனா நிற்கவில்லை. அந்த அறையிலிருந்து புத்தகம் புத்தகமாக வந்தது.

இந்த உரைகற்களில் எதில் உரைத்தாலும் தெரிவது ஒன்றுதான்: பலன்மேல் வைத்த பிடி தளர்ந்திருக்க வேண்டும், வேலைமேல் வைத்த கை தளர்ந்திருக்கக் கூடாது.

தமக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்றார் கார்மைக்கேல். டோனாவூரில் அவரைப் புதைத்த இடத்தில் பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்று இருக்கிறது. பறவைகளை ஆண்டவர் பார்த்துக்கொள்வார். தொட்டிக்கு யாராவது தண்ணீர் ஊற்ற வேண்டும்.