மஸ்டாங்கின் கைப்பிடி

1965 ஃபோர்டு மஸ்டாங்கில் வி8 எஞ்சின் உறுமுகிற உறுமலுக்கும் அதன் ஸ்டியரிங்குக்கும் சம்பந்தமே இருக்காது. சக்கரம் ஒரு டிகிரி திரும்ப ஸ்டியரிங் 27 டிகிரி சுற்ற வேண்டும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் சுமார் ஐந்து சுற்று. நிறுத்துமிடத்தில் தோள்பட்டை கழன்றுவிடும். பவர் ஸ்டியரிங் வாங்கியவர்களுக்கு அடியில் ஒரு ஹைட்ராலிக் சிலிண்டரும் வால்வும் கிடைத்தன, கூடவே தரையில் எண்ணெய்க் கறையும்.

மஸ்டாங்கை ரேஸுக்கு ஏற்ப மாற்றிய கரோல் ஷெல்பி தன் ஜிடி350-க்குச் செய்தது எளிய வேலை: ஸ்டியரிங் பாக்ஸின் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பிட்மேன் ஆர்மையும், மறுபுறம் அதற்கு இணையாக நிற்கும் ஐட்லர் ஆர்மையும் நீளமாக்கினார். திருப்பம் விரைவானது, கனம் கூடியது. ரேஸ்காரர்களுக்கு அது போதும்.

இன்று பலர் பழைய பாக்ஸுக்குப் பதில் ரேக் அண்ட் பினியன் மாட்டுகிறார்கள். துல்லியம்தான், ஆனால் சில கிட்களில் வண்டி வளைய முன்பைவிட அதிக இடம் கேட்கும். பவர் உள்ளடங்கிய புது ஸ்டியரிங் பாக்ஸே என் கட்சி. பழைய இணைப்புத் தண்டுகள் அப்படியே இருக்கும். ஆனால் பாக்ஸிலிருந்து ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி நீளும், மோதலில் ஈட்டியாகும் அந்த ஒற்றை இரும்புத் தண்டு போய், நடுவில் யூனிவர்சல் ஜாயின்ட் வரும். அதற்காகவே செலவழிக்கலாம்.

பிறகு அலைன்மென்ட். அந்தக் காலத்து டயருக்கு வைத்த காஸ்டர் கோணம், அதாவது ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு, இன்றைய ரேடியல் டயருக்குப் போதாது. அதைக் கூட்டி வைத்தால், வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் உள்ளங்கையில் வழுக்கிக்கொண்டு தானே நேராகும்.