காத்திருத்தலின் இரு முகங்கள்: பனியனின் 'மோட்சப் பிரயாணம்' பற்றிய ஒரு நோக்கு

கிறிஸ்தவ விசுவாசத்திலே கடவுளுக்காகப் பொறுமையுடன் காத்திருத்தல் தலையாய பண்புகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றது. முற்போக்குத் திறனாய்வாளர் பலர் இப்பண்பினை ஐயத்துடனேயே நோக்கி வந்துள்ளனர். உழைப்போரின் துன்பத்துக்குரிய தீர்வை மறுமைக்கு ஒத்திவைக்கும் போதனையாகவே அது அவர்களுக்குத் தோன்றியது. அவ்வையம் அடிப்படையற்றதன்று. ஆயினும், 'பொறுத்திரு' என்று கூறுபவர் யார், யாரை நோக்கிக் கூறுகின்றார், பொறுத்திருப்பவர் அக்காலத்தில் என்ன செய்கின்றார் என்னும் வினாக்களை எழுப்பாது அதனை ஒதுக்கிவிடுதல் ஆய்வு நெறியாகாது. ஜோன் பனியனின் (1628–1688) 'மோட்சப் பிரயாணம்' என்னும் நூலை முன்வைத்து இவ்வினாக்களை எழுப்புவதே இங்கு நமது நோக்கமாகும்.

தமிழ் வாசகருக்கு இந்நூல் புதியதன்று. எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) இதனைத் தழுவி எழுந்த காவியமே. எனினும், மூலநூல் தோன்றிய சூழல் நம்மிடையே போதிய அளவு கவனிக்கப்படவில்லை.

பனியன் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழில் செய்தவர். உள்நாட்டுப் போரிலே பாராளுமன்றப் படையிற் பணியாற்றியவர். 1660இல் முடியாட்சி மீண்டபோது, அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காகக் கைதுசெய்யப்பட்டுப் பெட்போர்ட் சிறையிலே ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்தார். பிரசங்கிப்பதில்லை என உறுதியளித்திருப்பின் அவர் விடுதலை பெற்றிருக்கலாம். அவ்வுறுதியை அவர் அளிக்கவில்லை. சிறையிலிருந்தவாறே காலணி நாடாக்கள் செய்து குடும்பத்தைத் தாங்கினார். 1661 சனவரியில் தோமஸ் வெனரும் அவரைச் சார்ந்தோரும் கிறிஸ்துவின் அரசை உடனே நிறுவ விரும்பி இலண்டனில் வாளேந்தினர். அக்கிளர்ச்சி சில நாட்களில் நசுக்கப்பட்டது. பனியன் வாளேந்தவில்லை, பணியவுமில்லை. அவருடைய காத்திருத்தல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதொரு மறுப்பு நிலையாகும்.

நூலின் முதற் பாகம் 1678இல் வெளிவந்தது. அதில் வியாக்கியானியின் வீட்டிலே பேராவல், பொறுமை என்னும் இரு சிறுவர் அமர்ந்திருக்கின்றனர். நல்லன யாவும் அடுத்த ஆண்டு கிட்டும் என்கின்றார் அவர்களின் பொறுப்பாளர். பொறுமை இசைகின்றான், பேராவல் இசைய மறுக்கின்றான். செல்வப் பை ஒன்று பேராவலின் காலடியிற் கொட்டப்படுகின்றது. அவன் பொறுமையை எள்ளி நகைக்கின்றான். விரைவிலேயே யாவற்றையும் இழந்து கந்தலுடன் நிற்கின்றான். ஏழைகளுக்குப் பொறுமையைப் போதிக்க இக்காட்சி எளிதிற் பயன்படக்கூடியது. ஆனால் பனியன் கண்டிப்பது பசித்தவனின் அவசரத்தையன்று. இவ்வுலகச் செல்வத்தை இன்றே கைக்கொண்டு பிறரை எள்ளுபவனின் செருக்கையே. எனினும் செல்வம் ஏன் அவன் காலடியிற் கொட்டப்பட்டது என்ற வினா இங்கு எழவில்லை. இக்காட்சியின் குறைபாடு இதுவேயாகும்.

இதனோடு சந்தேகக் கோட்டைப் பகுதியை ஒப்புநோக்குதல் பயனுடையது. கிறிஸ்தியானும் நம்பிக்கை என்னும் துணைவனும் அவநம்பிக்கை அரக்கனின் நிலத்திலே படுத்துறங்குகின்றனர். அத்துமீறி நுழைந்தனர் என்பதே அவன் சாட்டும் குற்றம். பொதுநிலங்கள் வேலியிடப்பட்டு வந்த இங்கிலாந்திலே இக்குற்றச்சாட்டின் பொருளை எளிய வாசகர் நன்கறிவர். அரக்கன் அவர்களை இருட்டறையில் அடைத்து, அடித்து, தற்கொலை செய்துகொள்ளுமாறு தூண்டுகின்றான். கிறிஸ்தியான் தளர்கின்றான். பொறுத்திருப்போம் என்கின்றான் நம்பிக்கை. அவன் கூறும் காரணங்களே மனங்கொள்ளத்தக்கவை: அரக்கன் பூட்ட மறக்கலாம்; வெயில் நாளிற் கையைச் செயலிழக்கச் செய்யும் அவனது நோய் மீண்டும் வரலாம். இது விதியை நொந்து கிடப்போரின் பேச்சன்று. ஒடுக்குபவனின் பலவீனத்தைக் கண்காணிப்போரின் பேச்சு. ஈற்றில் அவர்கள் இரவெல்லாம் செபிக்கின்றனர். விடியுமுன் தன் நெஞ்சருகே வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் இருப்பது கிறிஸ்தியானின் நினைவுக்கு வருகின்றது. பூட்டைத் திறக்கும் கை அவனுடையதே.

ஆயினும் முதற் பாகத்திலே கோட்டை அவ்வாறே நிற்கின்றது. இருவர் தப்பினர், பின்வருவோருக்கு எச்சரிக்கை பொறித்தனர், அவ்வளவே. 1684இல் வெளிவந்த இரண்டாம் பாகத்திலே நிலைமை மாறுகின்றது. கிறிஸ்தியானின் மனைவியும் பிள்ளைகளும் அயலவளும், வழியில் இணையும் முதியோரும் முடவரும் கூட்டமாகவே பயணஞ் செய்கின்றனர். வழிகாட்டியான பெருநெஞ்சனும் முதியவர் ஒருவரும் நான்கு புதல்வரும் சென்று அரக்கனைக் கொன்று, ஏழு நாட்கள் உழைத்துக் கோட்டையை இடிக்கின்றனர். உள்ளே பட்டினியால் வாடிய தந்தையும் மகளும் மீட்கப்படுகின்றனர். தனிமனிதப் பொறுமை ஈட்டியது தப்பித்தலை. கூட்டு முயற்சி ஈட்டியது சிறையின் அழிவை. இவ்வளர்ச்சியே இந்நூலின் உயிர்நிலை என நாம் கருதுகின்றோம்.

இதனை மிகைப்படுத்தலும் தவறாகும். இடிந்தது உருவகக் கோட்டையே. நிலவுடைமையாளரின் வேலி இடியவில்லை. பனியனின் சிறைக்கதவை 1672இல் திறந்ததும் இரண்டாம் சாள்ஸ் மன்னனின் அரசியல் தேவையே. ஆயினும், ஈ. பி. தொம்சன் 'ஆங்கிலத் தொழிலாளர் வர்க்கத்தின் உருவாக்கம்' (1963) என்னும் நூலிலே, தோமஸ் பெயினின் 'மனித உரிமைக'ளுடன் பனியனின் இந்நூலையும் அத்தொழிலாளர் இயக்கத்தின் அடிப்படை நூல்களுள் ஒன்றாக வைத்தமை காரணமின்றியன்று. பணிய மறுப்பதற்கான மொழியை எளிய மக்கள் இதிலே கண்டனர்.

எனவே, காத்திருத்தல் என்னும் கருத்தைத் தன்னளவில் பிற்போக்கானது என்றோ முற்போக்கானது என்றோ முடிவுகட்டுதல் பொருந்தாது. வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்குக் கூறும் பொறுமை ஒன்று. சிறைப்பட்டவர் தம்முள் ஒருவருக்கொருவர் கூறிக்கொள்ளும் பொறுமை வேறொன்று. முன்னையது கோட்டையின் காவலுக்கு உதவுவது; பின்னையது அக்கோட்டை இடியும் நாள்வரை மனிதரை உயிருடன் வைத்திருப்பது. இவ்வேறுபாட்டைக் காண மறுக்கும் திறனாய்வு, சமய இலக்கியத்தை மட்டுமன்றி, அதனை நெஞ்சோடு அணைத்து வாழ்ந்த மக்களையும் புரிந்துகொள்ளத் தவறிவிடும்.